பூட்டிய கதவும் தெரிந்த ரகசியமும்

இங்கிலாந்தின் ஃப்ரீமேசன்களும் பொதுவெளியும்: 1717 முதல் இன்று வரை

இங்கிலாந்தின் ஃப்ரீமேசன் சங்கத்துக்கு லண்டனின் நடுவில், கிரேட் குயின் தெருவில், கோபுரத்துடன் கூடிய பெரிய தலைமையகம் உண்டு. அதன் விதிநூல் 1723-இலேயே அச்சாகிக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இளவரசர்களும் பிரபுக்களும் அதற்குத் தலைமை தாங்கியது நாடறிந்த செய்தி. இருந்தும் ‘ரகசியச் சங்கம்’ என்ற பெயர் மூன்று நூற்றாண்டுகளாக அதை விட்டு நீங்கவில்லை. சங்கம் பொதுமக்களிடம் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி தலைமுறைக்குத் தலைமுறை எழுந்துகொண்டே இருக்கிறது. கேட்டவர்களில் அரசும் திருச்சபையும் பத்திரிகைகளும் உண்டு. சங்கத்தின் உறுப்பினர்களும் உண்டு.

சங்கம் மறைத்தவை மூன்று வகை. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் இனங்கண்டுகொள்ள வைத்திருந்த சைகை, சொல், கைகுலுக்கும் முறை ஆகியவை முதல் வகை. புதியவரைச் சேர்க்கும்போதும் படிநிலை உயர்த்தும்போதும் நடத்தும் சடங்குகள் இரண்டாவது வகை. யார் யார் உறுப்பினர்கள் என்ற பெயர்ப் பட்டியல் மூன்றாவது. முதல் இரண்டும் மிக விரைவில் அம்பலமாயின. அரசும் மக்களும் உண்மையில் கேட்டது மூன்றாவதை. இந்த வேறுபாட்டைக் கவனித்தால் சங்கத்தின் நீண்ட வரலாறு தெளிவாகப் புலப்படும்.

கடையில் விற்ற விதிநூல்

சங்கத்தின் மரபுவழிக் கணக்குப்படி, 1717 ஜூன் 24 அன்று லண்டனில் புனித பவுல் பேராலயத்துக்கு அருகிலிருந்த ‘கூஸ் அண்ட் கிரிடயர்ன்’ என்னும் மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி கிராண்ட் லாட்ஜை அமைத்தன. லாட்ஜ் என்பது உறுப்பினர்கள் கூடும் உள்ளூர்க் கிளை. கிராண்ட் லாட்ஜ் அவற்றுக்கெல்லாம் மேலான தலைமைச் சபை. முதல் கிராண்ட் மாஸ்டர் ஆந்தனி சேயர் பிரபு அல்லர், சாதாரணக் குடிமகன். 1721-இல் மாண்டேகு கோமகன் அந்தப் பதவியை ஏற்ற பிறகு உயர்குடியினர் வரிசையாகச் சேர்ந்தனர்.

1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மதபோதகர் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியல் விவாதமும் கூடாது, உறுப்பினர் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகளைக் காசு கொடுத்து எவரும் வாங்கிப் படிக்க முடிந்தது. அதே நூலில், வெளியார் முன்னிலையில் நாவடக்கம் வேண்டும், எவ்வளவு கூர்மையானவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி பேச வேண்டும் என்ற அறிவுரையும் இருக்கிறது. கொள்கையை அச்சிட்டு விற்பதும் கூட்ட அறையின் கதவைச் சாத்திக்கொள்வதும் முதல் நாளிலிருந்தே சேர்ந்தே நடந்தன. கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் ஒரு காவலர் நிற்பார். அவருக்கு ‘டைலர்’ என்று பெயர். அந்தப் பதவி இன்றும் இருக்கிறது.

கதவுக்குள் இருந்தது வெளியே வர ஏழு ஆண்டுகள்தான் ஆயின. 1730 அக்டோபரில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர், தாம் முன்னாள் உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு, மூன்று படிநிலைகளுக்கும் உரிய சடங்குகளைக் கேள்வி பதில் வடிவில் சிறு நூலாக வெளியிட்டார். அது அந்த மாதத்திலேயே மறுபதிப்புகள் கண்டது. ஆத்திரத்துடன் வாங்கிய உறுப்பினர்கள் பலரும் அதையே மனப்பாடத்துக்கு உதவும் கைநூலாக வைத்துக்கொண்டனர். உறுப்பினர்கள் சடங்கை எழுதி வைக்கக் கூடாது என்று சங்கம் விதித்திருந்ததால், எழுத்தில் கிடைத்த ஒரே பிரதி எதிரியின் பிரதியாக இருந்தது. போலி உறுப்பினர்கள் நுழைந்துவிடாமல் இருக்கக் கிராண்ட் லாட்ஜ் அடையாளச் சொற்களின் வரிசையை மாற்றியது. மரபை மாற்றிவிட்டார்கள் என்று இதையே ஒரு குற்றச்சாட்டாக்கி, 1751-இல் ‘பழையோர்’ என்ற பெயரில் போட்டித் தலைமைச் சபை ஒன்று உருவானது. இரண்டும் மீண்டும் இணைந்தது 1813 டிசம்பரில்தான்.

ஊர்வலமும் கேலி ஊர்வலமும்

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சங்கம் தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. ஆண்டு விருந்து நாளில் கிராண்ட் மாஸ்டரும் உறுப்பினர்களும் வெள்ளைத் தோல் ஏப்ரன் அணிந்து, வண்டிகளில், வாத்தியங்கள் முழங்க லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பார்த்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. 1741-இல் சில நையாண்டிக்காரர்கள் அதைப் போலவே ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார்கள். கழுதை வண்டி, மாட்டுக் கொம்பு வாத்தியம், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள், அழுக்கு ஏப்ரன் என்று ஒவ்வொன்றிலும் அசலைக் கிண்டல் செய்தார்கள். அடுத்த ஆண்டு இது இன்னும் பெரிதாக நடந்தது. அந்தக் காட்சி செப்புத்தகட்டு ஓவியமாகவும் அச்சாகி விற்றது. 1740-களின் நடுப்பகுதிக்குப் பின் கிராண்ட் லாட்ஜ் தன் ஆண்டு ஊர்வலத்தை நிறுத்திவிட்டது. சங்கம் பொதுவெளியிலிருந்து முதன்முறை பின்வாங்கியது கேலிக்கு அஞ்சித்தான். தடையோ தண்டனையோ அப்போது இல்லை.

ஐரோப்பியக் கண்டத்தில் நிலைமை வேறு. 1738 ஏப்ரலில் போப் பன்னிரண்டாம் கிளமென்ட், கத்தோலிக்கர்கள் சங்கத்தில் சேரக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். தவறு செய்யாதவர்கள் வெளிச்சத்தை வெறுக்க மாட்டார்கள் என்பது அந்த ஆணையில் இருந்த வாதங்களில் ஒன்று. வெவ்வேறு மதப் பிரிவினர் ஒரே அறையில் சகோதரர்களாகக் கூடுவதும் திருச்சபைக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் மறைவே குற்றத்துக்குச் சான்று என்ற வாதம்தான் பின்வந்த எதிர்ப்பாளர்கள் எல்லோருக்கும் மூல வாதமாயிற்று.

1799: அரசு கேட்ட பட்டியல்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, ரகசியச் சங்கங்கள்தான் அதைத் திட்டமிட்டன என்ற எண்ணம் பரவியது. 1797-இல் பாருவேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் ஜான் ராபிசன் என்ற எடின்பரோ பேராசிரியரும் தனித்தனியே எழுதிய நூல்கள் அந்த அச்சத்துக்கு வலு சேர்த்தன. அயர்லாந்தில் 1798-இல் கிளர்ச்சி வெடித்தது. 1799-இல் பிரதமர் பிட்டின் அரசு, உறுதிமொழி எடுத்துக்கொண்டு ரகசியமாகக் கூடும் சங்கங்களைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் அப்படியே நிறைவேறியிருந்தால் ஃப்ரீமேசன் சங்கம் அத்தோடு முடிந்திருக்கும். சங்கத்தின் சார்பில் மொய்ரா பிரபுவும் அதோல் கோமகனும் பிட்டைச் சந்தித்துப் பேசி விலக்குப் பெற்றார்கள். மொய்ரா பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயருடன் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். விலக்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் மார்ச் 25-க்குள் உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொழில், கூடும் இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட நீதித்துறை எழுத்தரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். 

சங்கம் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. இந்தச் சட்டம் 1967-இல்தான் நீக்கப்பட்டது. அதாவது உறுப்பினர் பட்டியலை அரசிடம் தருவதென்பது 168 ஆண்டுகள் சங்கத்துக்குச் சட்டக் கடமையாக இருந்தது. இந்தப் பட்டியல்களில் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் உள்ளன. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் சங்கத்தில் இருந்தார்கள் என்று ஆராய்பவர்களுக்கு அவை நல்ல ஆதாரம். பெயர்களைத் தருவது சங்கத்தின் மரபுக்கே விரோதம் என்று 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் வாதிட்டபோது, இந்தப் பழைய நடைமுறையை அவர்கள் நினைவில் கொள்ளவில்லை.

விக்டோரியா காலத்து வெளிச்சம்

பெருமை சேர்க்கும் பெயர்களை வெளியிடச் சங்கம் என்றுமே தயங்கியதில்லை. ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானபோது, லண்டனிலிருந்து வாழ்த்துக் கடிதமும் அழகு செய்த ஏப்ரனும் வந்தன. அவர் பாரசீக மொழியில் எழுதிய பதில் லண்டனில் மொழிபெயர்க்கப்பட்டு அச்சிலும் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் உச்சத்தை எட்டியது. கிராண்ட் மாஸ்டர் யார், எந்த ஊர் லாட்ஜில் யார் தலைவரானார், விருந்தில் என்ன பேசப்பட்டது என்பனவெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வழக்கமான செய்திகள். 1869 முதல் ‘தி ஃப்ரீமேசன்’ என்ற வார இதழே வெளிவந்தது. 1870-இல் கிராண்ட் மாஸ்டரான ரிப்பன் பிரபு, 1874-இல் கத்தோலிக்கராக மதம் மாறியதும் பதவி விலகினார். அதுவும் நாடெங்கும் பேசப்பட்டது. சென்னையின் ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்தவர் இவரே. அவருக்கு அடுத்து வந்தவர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட். 1875 ஏப்ரல் 28 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் பதவியேற்றார். 1880 மே மாதம் கார்ன்வால் வட்டாரத்தில் ட்ரூரோ பேராலயத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியது முழு மேசன் சடங்குடன், மக்கள் கூட்டத்தின் முன்னிலையில். தானியம், திராட்சை மது, எண்ணெய் ஆகியவற்றைக் கல்லின் மேல் சொரிந்து வாழ்த்துவது அத்தகைய விழாக்களில் வழக்கம்.

சடங்கு உள்ளே, மனிதர்கள் வெளியே என்பதே விக்டோரியா காலத்து ஏற்பாடு. லாட்ஜ் அறையில் நடப்பதை எவரும் கேட்கவில்லை. அறையில் இருப்பவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சங்கத்தைப் பற்றிய சந்தேகம் குறைவாக இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மௌனத்தின் காலம்

முதல் உலகப் போரில் இறந்த உறுப்பினர்களின் நினைவாக கிரேட் குயின் தெருவில் இன்றைய தலைமையகம் எழுப்பப்பட்டு, 1933 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935-க்குள் அங்கிருந்த லாட்ஜுகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. சொத்துகளும் உறுப்பினர் பட்டியல்களும் பறிமுதலாயின. ஸ்பெயினில் ஃபிராங்கோ 1940 மார்ச்சில் ஃப்ரீமேசன் சங்கத்தையும் கம்யூனிசத்தையும் ஒரே சட்டத்தில் குற்றமாக்கினார். ஜெர்மானியப் படை பிடித்த ஜெர்சி தீவில் மேசன் மண்டபம் 1941-இல் சூறையாடப்பட்டது. எதிரி இங்கிலாந்தில் கால்வைத்தால் உறுப்பினர் பட்டியல் எதற்குப் பயன்படும் என்பதை லண்டனில் இருந்தவர்கள் எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

போர் முடிந்த பிறகும் அந்த எச்சரிக்கை மறையவில்லை. பத்திரிகை கேட்டால் பதில் சொல்வதில்லை, புத்தகம் எழுதி வசை பாடினால் மறுப்பதில்லை என்பது நடைமுறையாயிற்று. தந்தை உறுப்பினர் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாத குடும்பங்கள் இருந்தன. பாட்டனார் காலத்தில் ஏப்ரனுடன் தெருவில் நடந்த சங்கம், பேரனின் காலத்தில் பேச்சையே நிறுத்திக்கொண்டது. இது பழைய மரபு என்று புதிய உறுப்பினர்கள் நம்பினார்கள். உண்மையில் அது ஒரு தலைமுறைப் பழக்கம்.

மௌனத்தின் விலை 1980-களில் தெரிந்தது. 1981 மார்ச்சில் இத்தாலியின் அரேட்சோ அருகே, லிச்சோ ஜெல்லி என்பவருக்குச் சொந்தமான இடத்தில் போலீஸ் சோதனை நடந்தது. ‘பி-2’ என்ற லாட்ஜின் உறுப்பினர்களாக 962 பெயர்கள் கொண்ட பட்டியல் கிடைத்தது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உளவுத்துறைத் தலைவர்கள், படை அதிகாரிகள், வங்கியாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. 1982 ஜனவரியில் நிறைவேறிய தனிச் சட்டம் பி-2-ஐக் கலைத்தது. அதே ஆண்டு ஜூனில், பி-2 பட்டியலில் இருந்த வங்கியாளர் ராபர்ட்டோ கால்வி லண்டனின் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தடியில் பிணமாகத் தொங்கினார். 

இங்கிலாந்தின் சங்கத்துக்கும் பி-2-வுக்கும் நிர்வாக உறவு ஏதும் இல்லை. ஆனாலும் பொதுமக்களுக்கு அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. 1984-இல் ஸ்டீபன் நைட் எழுதிய ‘தி பிரதர்ஹுட்’ விற்பனையில் சக்கைப்போடு போட்டது. காவல்துறையிலும் நீதித்துறையிலும் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சலுகை காட்டுகிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. மெதடிஸ்ட் சபை 1985-இலும், இங்கிலாந்துத் திருச்சபை 1987-இலும் சங்கத்தைப் பற்றிக் குறை கூறும் அறிக்கைகளை ஏற்றன.

கதவைத் திறந்த விதம்

அடி விழுந்த பிறகுதான் தலைமை பேசத் தொடங்கியது. அப்போதைய கிராண்ட் செயலாளர் மைக்கேல் ஹைம் பத்திரிகைகளுக்குப் பேட்டி தந்தார். சங்கம் என்றால் என்ன என்று விளக்கும் சிறு வெளியீடுகள் வந்தன. தலைமையகமும் அருங்காட்சியகமும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன.

1986-இல் நடந்த மாற்றம் இன்னும் ஆழமானது. புதிய உறுப்பினர் எடுக்கும் உறுதிமொழியில், ரகசியத்தை வெளியிட்டால் தொண்டை அறுபட்டு, நாக்கு பிடுங்கப்பட்டு, கடற்கரை மணலில் புதைக்கப்படும் தண்டனை எனக்கு வரட்டும் என்ற பகுதி இருந்தது. யாரும் இதை நிறைவேற்றியதாக வரலாறு இல்லை. வெறும் அலங்காரச் சொல் என்றே உறுப்பினர்கள் கருதினார்கள். ஆயினும் எதிர்ப்பாளர்கள் முதலில் காட்டியது இந்த வரிகளைத்தான். கிராண்ட் லாட்ஜ் வாக்கெடுப்பு நடத்தி, உறுதிமொழியிலிருந்து அவற்றை நீக்கியது. 1992-இல் 275-ஆம் ஆண்டு விழா லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் நடந்தபோது, பத்திரிகையாளர்களும் தொலைக்காட்சியினரும் உள்ளே அனுமதிக்கப்பட்டனர்.

2015-இல், 1751 முதல் 1921 வரையிலான பழைய உறுப்பினர் பதிவேடுகள் குடும்ப வரலாறு தேடுவோருக்காக இணையத்தில் ஏற்றப்பட்டன. 2017-இல் முந்நூறாம் ஆண்டையொட்டி, ஸ்கை தொலைக்காட்சி சங்கத்துக்குள் எடுத்த ஐந்து பகுதித் தொடரை ஒளிபரப்பியது. 2018 பிப்ரவரியில், உறுப்பினர்கள் மீது தொடரும் அவதூறு போதும் என்று தலைமை நிர்வாகி டேவிட் ஸ்டேபிள்ஸ் மூன்று தேசிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பதில் சொல்லாமல் இருந்த சங்கம் காசு கொடுத்துப் பதில் சொல்லும் நிலைக்கு வந்தது.

பெயர்களைப் பற்றிய வழக்கு

கட்டடமும் சடங்கும் சங்கம் செய்யும் தர்மத்தின் கணக்கும் வெளிச்சத்துக்கு வந்தன. பெயர்ப் பட்டியல் மட்டும் தீராத வழக்காக நீடித்தது. உறுப்பினர் ஒருவர் தாம் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவரை அவர் சம்மதமின்றிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் நிலை.

1997-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு, காவல்துறையிலும் நீதித்துறையிலும் உள்ள ஃப்ரீமேசன்கள் பற்றி அறிக்கை தந்தது. சங்கத்தைப் பற்றிய பயத்தில் பெரும்பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று அது ஒப்புக்கொண்டது. மக்களின் நம்பிக்கைக்காகக் காவலர்களும் நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் உறுப்பினர் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு கிறிஸ் முல்லின் தலைமையிலான அதே குழு, கலைக்கப்பட்ட வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறைக் குற்றப்பிரிவு முதலான சர்ச்சைகளில் தொடர்புடையவர்களில் உறுப்பினர் யார் என்று சங்கத்திடம் கேட்டது. தராவிட்டால் நாடாளுமன்ற அவமதிப்பு என்று எச்சரித்த பிறகே விவரம் கிடைத்தது. உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, 1998 முதல் புதிதாக நியமனம் பெறும் நீதிபதிகள் உறுப்பினர் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தார்.

எதிர்த்திசையில் தீர்ப்பு வந்தது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து. இத்தாலியின் மார்கே வட்டாரம், வட்டாரப் பதவி கேட்பவர் தாம் ஃப்ரீமேசன் அல்லர் என்று எழுதித் தர வேண்டுமெனச் சட்டம் இயற்றியிருந்தது. இது சங்கம் அமைக்கும் உரிமையை மீறுகிறது என்று 2001-இல் நீதிமன்றம் சொன்னது. 2007-இல் ஃப்ரியூலி வட்டாரச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலும் இத்தாலியச் சங்கமே வென்றது. 2009 நவம்பரில், அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த அதே ஸ்ட்ரா, நீதிபதிகளுக்கான விதியைத் திரும்பப் பெற்றார். பத்தாண்டுகளில் உறுப்பினர் நிலையால் முறைகேடு நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 2024 டிசம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்பு: மாஃபியா எதிர்ப்பு நாடாளுமன்றக் குழு 2017-இல் சோதனை நடத்தி இத்தாலியச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல்களைக் கைப்பற்றியது தனிமை உரிமைக்கு மாறானது.

காவல்துறையைப் பற்றிய வாதம் ஓயவில்லை. 1987-இல் லண்டனில் கொலையான தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கன் வழக்கை ஆராய்ந்த சுதந்திரக் குழு 2021-இல் அறிக்கை அளித்தது. விசாரணையில் ஃப்ரீமேசன் தொடர்பு தவறாகப் பயன்பட்டதற்கு அக்குழு சான்று எதையும் காணவில்லை. ஆனால் அது ஓயாத சந்தேகத்துக்கு ஊற்றாக இருந்தது, ஆகவே காவலர்கள் உறுப்பினர் நிலையைத் துறைக்குள் இரகசியமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றது குழு. 2025 டிசம்பரில் லண்டன் மாநகரக் காவல்துறை அத்தகைய விதியைக் கொண்டுவந்தது. கிராண்ட் லாட்ஜ் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது.

இரு தரப்பின் வாதங்கள்

இன்னும் திறக்க வேண்டும் என்போர் கூறுவது: சங்கம் பேசாத காலத்தில் அதன் கதையை எழுதியவர்கள் எதிரிகளே, கோடிக்கணக்கில் தர்மம் செய்தும் பெயர் கெட்டதற்கு மௌனமே காரணம், எண்ணிக்கை குறைந்துவரும் சங்கத்துக்கு இளைஞர்கள் வர வேண்டுமானால் அதைப் பற்றி அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதற்கு மேல் வேண்டாம் என்போர் கூறுவது: கோல்ஃப் கிளப்பில் இருப்பவரிடம் கேட்காத கேள்வியை எங்களிடம் மட்டும் கேட்பது பாகுபாடு, பட்டியல் தீயவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 1930-களின் ஜெர்மனி காட்டியது, நான்கு சுவருக்குள் நண்பர்களுடன் இருக்கும் நிம்மதிக்காகவே பலர் சேர்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. சடங்கை மறைப்பதால் எவருக்கும் தீங்கில்லை. அது 1730-லிருந்தே தெரிந்த ரகசியம். சாதாரணக் குடிமகன் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம். நீதிமன்றங்களும் அதையே சொல்கின்றன. பிறர் மீது அதிகாரம் செலுத்தும் பதவியில் இருப்பவர், அதே அதிகாரத்தின் முன் வரும் ஒருவருக்குச் சகோதர உறுதிமொழியால் கட்டுப்பட்டவரா என்று கேட்கும்போதுதான் தனிமை உரிமையும் பொது நம்பிக்கையும் மோதுகின்றன. 1799-இன் பட்டியல், 1997-இன் அறிக்கை, 2021-இன் பரிந்துரை மூன்றும் கேட்டது பெயர்களையே. முதலாவது எல்லா உறுப்பினர்களின் பெயரையும் கேட்டது. பின்னிரண்டும் பதவியில் இருப்பவர்களின் பெயரை மட்டும் கேட்டன. கேள்வி இவ்வாறு சுருங்கியதே மூன்று நூற்றாண்டு வாதத்தின் பலன்.

(தொடரும்)

அடுத்த பகுதி: 1826-இல் நியூயார்க் மாநிலத்தில் காணாமற்போன வில்லியம் மார்கனும் அமெரிக்காவின் ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சியும்